வழுவாமை: சொந்த வாக்கியத்தில் அமைக்கவும்

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு புதிய சொல். திங்கட்கிழமை காலை வணக்கத்தில் நிர்வாக அலுவலர் திருநாவுக்கரசு அதை அறிவிப்பார். மாணவர்கள், ஆசிரியர்கள், ஆயா, வாட்ச்மேன் எல்லாரும் அந்த வாரம் அதைப் பயில வேண்டும். சனிக்கிழமை ஆசிரியர் ஒருவர் மேடையேறி, அந்தச் சொல்லைச் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு வாக்கியத்தில் அமைத்துச் சொல்வார். நிர்வாக அலுவலர் அதைத் திருத்துவார். அவர் திருத்தாத வாக்கியம் இதுவரை பிறக்கவில்லை. திருத்திய வாக்கியத்தை அடுத்த வாரம் முழுவதும் பள்ளியே ஒரே குரலில் ஒலிபெருக்கியில் ஒப்பிக்கும். தேசிய ஒருமைப்பாட்டுக்காகத் தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை. பள்ளிக்கு எதிரேயுள்ள ஜங்லிகாட் கடைக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் ஷட்டரைத் தூக்குவார்கள்.

இது தவிர ஒரு விதி உண்டு. வளாகத்துக்குள் யார் எதைக் கேட்டாலும் அந்தக் கோரிக்கையில் அந்த வாரச் சொல் பிழையின்றி இடம்பெற வேண்டும். விடுப்பு, சாக்பீஸ், கழிவறைக்குப் போக அனுமதி, எதுவானாலும் சரி. சொல் இல்லையென்றால் கோரிக்கை வந்ததாகவே கருதப்படாது.

போன வருஷம் அறிவியல் ஆய்வகத்தில் தீப்பிடித்தது. அந்த வாரச் சொல் ‘நல்லிணக்கம்’. உமா மகேஸ்வரி டீச்சர் நிர்வாக அறை வாசலில் நின்று, “தீயுடன் நல்லிணக்கம் இயலாத காரணத்தால் மணல் வாளி வேண்டுகிறேன்” என்றார். நிர்வாக அலுவலர் பாராட்டினார். வாளி வந்தது. அதற்குள் திரைச்சீலைகள் எரிந்து முடிந்து தீ தானாக அணைந்திருந்தது. பொறுமைக்குக் கிடைத்த வெற்றி என்று ஆண்டறிக்கையில் போட்டார்கள்.

என் மனைவி சுதா அங்கே நான்காம் வகுப்பு எடுத்தாள். அவள் இறந்த வாரத்துச் சொல் ‘உபாதை’.

அன்று இரண்டாவது பீரியடில் வயிற்றில் வலி வந்திருக்கிறது. நிர்வாக அறைக்குப் போனாள். “சார், வயிறு வலிக்குது. தாங்க ஏலாம இருக்கு. நான் போகணும்” என்றாள். சுதாவின் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டது. அவசரத்தில் அவளுக்கு அந்தத் தமிழ்தான் வரும்.

“வலி என்பது மூன்றாம் வகுப்புச் சொல், டீச்சர். ஏலாம என்பது எந்த அகராதியிலும் இல்லாத சொல்” என்றார் திருநாவுக்கரசு.

அகராதியில் இருக்கிறது. பிறகு பார்த்தேன்.

இரண்டாம் முறை போனாள். “எனக்கு உபாதையா இருக்கு சார்.”

“உபாதையாக இருக்காது. உபாதை ஏற்படும். வகுப்புக்குப் போய் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

மூன்றாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். “சார், எனக்குக் கடும் உடல் உபாதை ஏற்பட்டுள்ளதால் வீட்டுக்குச் செல்ல அனுமதி கோருகிறேன்.”

“சிறப்பு” என்றார் அவர். “இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறவருக்கு வகுப்பெடுக்க முடியாதா?”

பள்ளி முடிந்ததும் நான் ஸ்கூட்டரோடு கேட்டில் நின்றேன். அவளால் ஏறி உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்தேன். மேலே உள்ளதெல்லாம் ஆட்டோவில் அவள் சொன்னது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். மாலை இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. இங்கே சீக்கிரம் இருட்டிவிடும்.

கச்சாலிலிருந்து அவள் அப்பா தம்பையாவும் அம்மா வேலாயியும் கப்பலில் வந்து சேர மறுநாள் ஆனது. சுடுகாட்டுக்குத் திருநாவுக்கரசும் வந்தார். எந்த வெயிலிலும் அவர் கோட்டு போட்டிருப்பார். தம்பையாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, தங்கள் புதல்வியார் எங்களிடம் எதையுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாகனமே ஏற்பாடு செய்திருப்போம். வீட்டிலாவது யாரேனும் கவனித்திருக்கலாம்.”

விதிப்படி பார்த்தால் முதல் இரண்டு கோரிக்கைகள் வந்ததாகக் கருத முடியாது. மூன்றாவதை அவர் வாக்கியப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

தம்பையா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரப்பர் பால் வெட்டிய ஆள் அவர். கோட்டு போட்ட ஒருவர் அவர் கையைப் பிடித்துப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சுதா சொன்னதை நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவர் என்னிடமிருந்து திரும்பிக்கொண்டு வேலாயியிடம் சொன்னார்: “வலியோட பிள்ளய வேலக்கி அனுப்பிட்டு இப்ப கத சொல்றான்.”

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பள்ளி எனக்கு சுதாவின் வேலையைக் கொடுத்தது. பரிவின் அடிப்படையில் என்றார்கள். அப்போது ஹேடோ துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்தேன். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு கண்டெய்னர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி வேலையை ஏற்றுக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் கேட்டாள், தான் விடவில்லை என்று அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். என் மாமனார் அதைக் கேட்க வேண்டும். அதற்கு நான் அந்த ஆளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் பொன்னுத்துரை தடுத்தார்.

“வாரச் சொல் சொல்லுங்க தம்பி.”

“இன்னைக்குதான் அண்ணே சேர்றேன். உள்ள போனாத்தான் தெரியும்.”

“சொன்னாத்தான் உள்ள விடணும்.”

“நீங்க சொல்லுங்க, நான் திரும்பச் சொல்றேன்.”

“எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் தம்பி கேட்டுல நிக்கிறேன்.” அக்கம்பக்கம் பார்த்தார். “போன வாரச் சொல் வேணும்னா ஞாபகம் இருக்கு. அதச் சொல்லுங்க. கேட்டா நீங்க போன வாரமே வந்துட்டீங்கன்னு சொல்லிக்கிறேன்.”

அப்படித்தான் உள்ளே போனேன்.

மாலைகளில் வீட்டில் உட்கார்ந்து சொற்களைப் பயின்றேன். வேறு வேலை இல்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் வாக்கியத்தில் திருநாவுக்கரசு வந்து நின்றார். ‘விருந்தோம்பல்’ என்றால்: நிர்வாக அறையில் வருவோர் உட்கார நாற்காலி கிடையாதாகையால் அங்கு விருந்தோம்பல் நின்றபடி நடைபெறுகிறது. ‘அவகாசம்’ என்றால்: இறப்பதற்கு முன் என் மனைவிக்கு வாக்கியம் அமைக்கப் போதிய அவகாசம் தரப்பட்டது. ‘ஈடுபாடு’ என்றால்: அவர் சொற்களின் மேல் கொண்ட ஈடுபாடு காரணமாக அவற்றைச் சொன்னவர்களைப் பார்க்கவில்லை. எழுதுவேன், கிழிப்பேன். நல்ல பயிற்சிதான். சொற்கள் மறக்காமல் நின்றன.

மேடைக்கு வேறு வாக்கியம் வேண்டும். முதல் முறை என்னை மேடைக்கு அழைத்தது ‘சிக்கனம்’ வாரத்தில். பாதுகாப்பாக ஒன்று சொன்னேன்.

“நம் நிர்வாக அலுவலர் சிக்கனமானவர், ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்.”

அவர் ஒலிவாங்கியை வாங்கினார். முகம் சுருங்கியிருந்தது. “ஆளில்லாத அறையில் எவரும் நிறுத்துவர். அது சிக்கனமா? ஆளிருக்கும் அறையில் நிறுத்தியவன் நான். சென்ற கோடையில் நகருக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. தொடக்க வகுப்புகளுக்குக் குடிநீரையே நிறுத்தினேன். பிள்ளைகள் சிலர் மயங்கினர். ஆனால் மாலையில் தொட்டி நிறைந்திருந்தது. இதுவே சிக்கனம்.”

அடுத்த வாரம் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். “பிள்ளைகள் மயங்கினும் தொட்டி நிறைந்ததே சிக்கனம்.” ஒரு வங்காளத் தகப்பன் கேட்டுக்கு வந்து இந்தியில் கத்தினார். உதாரண வாக்கியம் என்று பொன்னுத்துரை சமாதானம் சொல்லி அனுப்பினார்.

நான் வரிசையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரை யாரும் குற்றம் சாட்டவில்லை. நான் புகழ்ந்தேன், கொஞ்சம் குறைவாகப் புகழ்ந்தேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

சரிபார்த்துக்கொள்ள ‘நடுநிலை’ வாரத்தில் நானே கை தூக்கினேன்.

“நம் நிர்வாக அலுவலர் சிலரிடம் கனிவாகவும் சிலரிடம் கண்டிப்பாகவும் இருந்து நடுநிலை காக்கிறார்.”

“சிலரிடம் கனிவா?” என்றார். குரல் உடைந்தது. “யாரிடம்? பெயர் சொல்ல முடியுமா? தாயில்லாச் சிறுமி ஒருத்தியும், காவல்துறை உயரதிகாரியின் மகன் ஒருவனும் ஒரே நாளில் தாமதமாக வந்தனர். இருவரையும் ஒரே மழையில், ஒரே கேட்டுக்கு வெளியே, ஒரே அளவு நேரம் நிறுத்தினேன். இருவருக்கும் ஒரே காய்ச்சல் வந்தது. இதுவே நடுநிலை.”

செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ் ஜீப் வந்து பள்ளி வாசலில் நின்றது. புதன்கிழமை புது விதி வந்தது. நிர்வாக அலுவலர் திருத்தியதை யாரும் திருத்த முடியாது, அவரேகூட. ஆனால் மூல வாக்கியத்தைச் சொன்ன ஆசிரியர் தன் பிழையை ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெறலாம்; பெற்றால் அதன்மேல் செய்த திருத்தமும் விழுந்துவிடும். நான் ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை முதல் புது வாக்கியத்தில் சிறுமி மட்டும் மழையில் நின்றாள்.

உமா மகேஸ்வரி டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, மேடையேறினா ஐஸா வைக்கிற? சுதா புருசனா இதுன்னு எல்லாரும் கேக்கறாங்க.”

“ஐஸ்தான் டீச்சர்.”

“எனக்கே கஷ்டமா இருக்கு. அன்னைக்கு அவ சுவத்தப் புடிச்சிட்டுப் போனத நான் பார்த்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.”

“எந்த வார்த்தை டீச்சர்? அந்த வாரத்துதா?”

அவர் டிபன் பாக்ஸை மூடினார். “என்னத் திட்டணும்னா நேரா திட்டு. அந்தாள் மாதிரி பேசாத.”

அது எனக்கு உறைத்தது. ஆனால் நான் நிறுத்தவில்லை.

ஆண்டு நினைவுக்குத் தம்பையாவும் வேலாயியும் வந்தார்கள். சடங்கு முடிந்தது. வானிலை கெட்டு கச்சால் கப்பல் ரத்தானது. அடுத்ததும் ரத்தானது. ஒரே அறையும் சமையலறையும் கொண்ட என் மாடி வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். தம்பையா எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

“அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க அத்தை.”

“ஏங்க, டீ குடிக்கிறீங்களா?”

“அவன் போட்டா வேணாம்னு சொல்லு.”

“நான்தான் போட்டன்.”

“பின்ன ஏன் அவன் கேக்குறான்?”

அந்த வாரம் பள்ளியில் சொல்விழா. அறக்கட்டளைத் தலைவர் மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வருவதாக இருந்தது. விழாவுக்கான சொல் ‘வழுவாமை’. எது வந்தாலும் நெறியிலிருந்து நழுவாமல் நிற்பது. மேடையில் வாக்கியம் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பணியில் உயிர்நீத்த ஆசிரியையின் இடத்தில் அவர் கணவர். தலைவருக்குக் காட்ட நல்ல காட்சி. பெற்றோர் ஊரில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் திருநாவுக்கரசு இன்னும் மகிழ்ந்தார். பொன்னாடை போர்த்தலாம் என்றார்.

வேலாயி மறுத்துவிட்டார். “எம்பிள்ள போன எடத்துக்கு நான் வர ஏலாது.” தம்பையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையைப் பிடித்துப் பேசியவர் கூப்பிட்டிருக்கிறார், போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று வேலாயியிடம் சொன்னார்.

விமானம் மழையில் தாமதம். தலைவர் வந்து சேரும்வரை பிள்ளைகள் வரவேற்பு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நின்றார்கள். குரல் போனவர்களை வாயசைக்கச் சொன்னார்கள். தலைவர் வந்தார். பொன்னாடை போர்த்தினார். தம்பையா முன்வரிசையில் அதை மடிக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திருநாவுக்கரசு வரவேற்றுப் பேசினார். “கல்வி என்பது அறிவு அன்று, அன்பு அன்று, கேட்பது எப்படி என்று கற்பிப்பது. சரியாகக் கேட்கத் தெரியாதவன் எதைப் பெற்றாலும் அது பிச்சை. ஆகவே இந்த வளாகத்தில் நாங்கள் எவருக்கும் எளிதில் எதையும் தருவதில்லை.” தலைவர் குறித்துக்கொண்டார்.

என்னை அழைத்தார்கள். உமா மகேஸ்வரி டீச்சர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

நான் சொன்னேன்: “நம் நிர்வாக அலுவலர் வழுவாமை மிக்கவர் என்கிறார்கள்; ஆனால் என் அனுபவத்தில் அந்த வழுவாமைக்கு ஒரு சோதனையும் வந்ததில்லை, ஏனெனில் இங்கே அவரிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை.”

தலைவர் திருநாவுக்கரசைப் பார்த்தார். திருநாவுக்கரசு எழுந்து வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“பிழை” என்றார். “உண்மைக்கு மாறான வாக்கியம். சோதனை வந்ததில்லையா? இவருடைய காலஞ்சென்ற துணைவியார், உபாதை காரணமாக வெளியேற அனுமதி கோரி, ஒரே நாளில் மும்முறை என்னிடம் வந்தார். மூன்றாம் முறை நிற்க இயலாமல் சுவரைப் பற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் வியர்வை. வேறொருவராக இருந்தால் மனம் கரைந்திருப்பார். எனக்கும் மனம் உண்டு, தலைவர் அவர்களே. அதை அன்று நான் அடக்கினேன். அந்த அம்மையார் அன்று மாலையே மறைந்தார். அதற்குப் பின்னும் என் விதியில் ஓர் எழுத்தை நான் மாற்றவில்லை. குறித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. ஆசிரியை மும்முறை அனுமதி கோரி வந்தும், மும்முறையும் மறுத்து, நான் நெறி வழுவாமை காத்தேன்.”

தலைவர் கைதட்டினார். அவர் தட்டியதால் அரங்கமே தட்டியது. முன்வரிசையில் தம்பையாவும் தட்டினார். பொன்னாடை நழுவியது, இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். அந்தத் தமிழ் அவருக்கு எட்டவில்லை.

நான் இறங்கி என் இடத்துக்குப் போய் நின்றேன். அவர் சொல்லிவிட்டார். என் மாமனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை ஒலிபெருக்கி முழங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, ஒரே குரலில் மும்முறை மறுத்து வழுவாமை காத்தார்கள். நான்காம் வகுப்பில் சிலர் சொல்லவில்லை. அவர்களை வெயிலில் நிறுத்தினார்கள். பிறகு இந்தி. “டீச்சர் தீன் பார் ஆயி. மைனே தீன் பார் மனா கியா.” டீச்சர் மூன்று தடவை வந்தாள், நான் மூன்று தடவையும் முடியாது என்றேன்.

தமிழில் அது ஒரு வாக்கியமாகவே இருந்தது. இந்தியில் தாளம் சேர்ந்துவிட்டது. சிறுமிகள் கயிறு தாண்டிக்கொண்டே சொன்னார்கள். தெலுங்குப் பிள்ளைகளும் வங்காளப் பிள்ளைகளும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மீன் மார்க்கெட்டில் மலையாளி ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே விலை குறைக்க மறுத்தார். செவ்வாய்க்கிழமை என்னை ஏற்றிய ஆட்டோக்காரர், “யே மனா கர்னேவாலா கௌன் ஹை, பாய்?” என்றார். முடியாது என்ற அந்த ஆள் யார் என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். டீச்சர் எங்கே என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தார்.

தம்பையாவுக்கு இந்தி தெரியும். தோட்டத்தில் மேஸ்திரிகள் பேசியது இந்திதான். புதன்கிழமை டீக்கடைக்குப் போனவர் குடிக்காமல் திரும்பி வந்தார். படியேறி வந்ததும் நின்றுகொண்டே வேலாயியிடம் கேட்டார்.

“தீன் பார் ஆயிங்கிறாங்களே. அது நம்ம பிள்ளயா?”

வேலாயி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். யாரிடமும் இல்லாமல், “நான் கைதட்டினன்” என்றார்.

வியாழக்கிழமை பள்ளி கேட்டில் கூட்டம். பெரும்பாலும் தாய்மார்கள். யாரும் கத்தவில்லை. பொன்னுத்துரை என்ன வேண்டும் என்று கேட்டபோது, மனா கியாவைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். மெயின்லேண்டிலிருந்து தலைவர் போன் செய்து, தான் கைதட்டவில்லை, கைகளைச் சேர்த்து அஞ்சலி செலுத்தியதாகத் தெரிவித்தார். சுற்றறிக்கையாகவும் அனுப்பினார்.

திருநாவுக்கரசு என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல் நின்றேன். அவரும் நின்றார்.

“அந்த வாக்கியத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.”

அந்த வாரச் சொல் ‘பணிவு’. திங்கட்கிழமை அவரே அறிவித்தது.

“கோரிக்கை வந்ததாகக் கருத முடியவில்லை சார்” என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முகம் கறுத்தது. வெளியே கேட்டில் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

“பணிவுடன் கேட்கிறேன்.”

“எதை சார்?”

“வாக்கியத்தைத் திரும்பப் பெறுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

“சிறப்பு” என்றேன். “என் வீட்டுக்கு வாருங்கள் சார். சுடுகாட்டில் என் மாமனாரிடம் ஒன்று சொன்னீர்கள். அவரிடம் வந்து பேசுங்கள்.”

“வந்தால் திரும்பப் பெறுவீர்கள் அல்லவா?”

“வாருங்கள் சார்.”

மறுநாள் மாலை வந்தார். படிக்கட்டு குறுகலானது. கோட்டு இருபுறமும் சுவரில் உரசி சுண்ணாம்பு அப்பியிருந்தது. தம்பையா நாற்காலியில் இருந்தார். வீட்டில் வேறு நாற்காலி இல்லை.

“ஐயா, தங்கள் புதல்வியாரின் எதிர்பாராத பிரிவையொட்டி, அன்றைய நிர்வாகச் சூழல் குறித்து ஒரு தெளிவுரை வழங்க…”

“வெளங்கல்ல” என்றார் தம்பையா.

“அதாவது, அன்று அனுமதி வழங்கும் சூழல் அமையவில்லை.”

“சூழல்னா யாரு? ஒங்க ஆபீஸ்ல வேல செய்றவரா?”

“இல்லை. சூழல் என்றால்… நிலைமை. நெறிமுறை இடம் கொடுக்கவில்லை.”

“நெறிமுறை யாரு?”

திருநாவுக்கரசு என்னைப் பார்த்தார். நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன். அவருக்குத் தெரிந்த சொற்களில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மறுக்க நேர்ந்தது என்றார். முடிவு எடுக்கப்பட்டது என்றார். விடுவிக்கப்படவில்லை என்றார். தம்பையா ஒவ்வொன்றுக்கும் வெளங்கல்ல என்றார். குரலை உயர்த்தவில்லை. கடைசியில் அந்த மனிதரிடம் சொற்கள் தீர்ந்துவிட்டன.

“நான் விடவில்லை” என்றார்.

“யார?”

“உங்கள் மகளை.”

“அவ கேட்டாளா?”

“கேட்டாள்.”

“சுடுகாட்டுல கேக்கலன்னு சொன்னீங்க. எங்கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னீங்க.”

“ஆமாம்.”

“ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“பயமாக இருந்தது.”

“அவளுக்கும் பயமா இருந்திருக்கும்” என்றார் தம்பையா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருநாவுக்கரசு கோட்டிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “நாளை காலை அது ஒலிக்காது அல்லவா?”

“தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது சார்.”

இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டினார். காலியாக வந்த ஆட்டோ அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமெடுத்தது. அடுத்ததும் நிற்கவில்லை. அவர் கையைக் கீழே இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“மாப்பிள்ள” என்றார் தம்பையா.

ஒரு வருஷம் ஆகிவிட்டது அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு.

“சொல்லுங்க மாமா.”

“அந்தாள மேல வரச் சொல்லுங்க. வேலாயி மீன் வாங்கப் போயிருக்கா. அவர் சொன்னத அவ கேக்கல, அவளும் கேக்கணும்.”

நான் ஜன்னலைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன்.